தாமரைக்கு வயதாவதில்லை

2025 மார்ச்சில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கிள்ளானில் ஒரு பேரங்காடித் திரையரங்குக்குப் போனேன். படம் 'நேஜா 2'. அவனுக்கு எட்டு வயது, சீனப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அரங்கில் எங்களைத் தவிர இந்தியர் யாரையும் காணோம். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு சீனப் பாட்டி நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் பாப்கார்னைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். வசனம் மாண்டரின். கீழே ஓடும் எழுத்தை நான் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். பொடியன் என் காதருகே வந்து தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். மருமகன் மொழிபெயர்க்க மாமன் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி. ஒரு மாபெரும் கொப்பரைக்குள் எல்லாரும் அடைபட்டிருக்கிறார்கள். நேஜாவின் உடம்பெல்லாம் சாபத்தால் முள் முளைத்திருக்கிறது. யாரும் அவனைத் தொட முடியாது. அவன் அம்மா அந்த முள்ளோடு சேர்த்து அவனைக் கட்டிக்கொள்கிறாள், கட்டிக்கொண்டபடியே கரைந்துபோகிறாள். முன்வரிசைப் பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் அழுதேன். பொடியன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான்.

திரும்பும்போது காரில் கேட்டான்.

"மாமா, தாத்தா ஒங்களுக்குப் பதிலா செத்துப் போவாரா?"

"பெல்ட்டு போடு மொதல்ல."

"முதல் படத்துல அவன் அப்பா அப்படித்தான் செய்யப் பாத்தாரு. தாத்தாவும் செய்வாரா?"

நான் வானொலியைப் போட்டேன். அந்தக் கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் இதை எழுதுகிறேன்.

*

முதல் படம் 2019இல் வந்தது. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. வானுலகில் ஒரு மணி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தெய்வ மணி, மற்றொன்று அசுர மணி. தெய்வ மணி தளபதி லீ ஜிங்கின் மூன்றாவது மகனாகப் பிறக்க வேண்டும். ஒருவன் அதைத் திருடிவிடுகிறான். அதனால் அசுர மணி நேஜாவாகப் பிறக்கிறது. திருடப்பட்ட மணி கடல் அரசனின் மகன் ஆவ் பிங்காகப் பிறக்கிறது. அசுர மணியை மூன்றாண்டில் இடி தாக்கி அழிக்கும் என்பது வானுலகின் ஏற்பாடு.

இதில் புதிது என்று எதுவும் இல்லை. மாறிப்போன பிறவி, நாள் குறித்த சாவு, ஊரே ஒதுக்கும் பிள்ளை, எதிரியாக வேண்டியவன் நண்பனாவது, பறக்கும் பன்றியில் வரும் குடிகார குரு, கடைசியில் விதியை எதிர்த்து மார்தட்டும் வசனம். சாகசக் கதைகளின் வாய்பாடுகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. குழந்தை மாறிப்போகும் கதையை நம் அம்மாக்கள் எத்தனை தமிழ்ப் படங்களில் பார்த்து அழுதிருக்கிறார்கள்! இரண்டாம் படத்தில் இன்னொன்றும் சேர்கிறது. வெள்ளைத் தாடியும் கருணை முகமுமாக வரும் வானுலகப் பெரியவர்தான் உண்மையான வில்லன்.

வாய்பாடு என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. ஈரெட்டு பதினாறு என்று தெரிந்தவனுக்குத்தான் கணக்கு போட வரும். இந்த வாய்பாடுகளை வைத்து இயக்குநர் ஜியாவ்சி போட்ட கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. முதல் படத்தில் அம்மா ஊர்க்காவல் வேலையை முடித்துவிட்டு, போர்க்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மகனோடு சாப்தே உதைத்து விளையாடுவாள். அவன் உதைக்கிற உதையில் அவள் சுவரில் போய் மோதுவாள், எழுந்து வந்து மறுபடியும் உதைப்பாள். நாங்களும் பள்ளித் திடலில் கோழி இறகு சாப்தே உதைத்தவர்கள்தான். அந்த ஒரு காட்சிக்காகவே மற்ற எல்லா வாய்பாடுகளையும் மன்னித்துவிடலாம்.

அப்பா விஷயம் மட்டும் எனக்குள் இடறியது. முதல் படத்தின் லீ ஜிங் கண்டிப்பானவர், அதிகம் பேசாதவர். மகனை வீட்டுக்குள் பூட்டி வைக்கிறார். ஆனால் இடி விழும் நாளில் மகனுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுப்பதற்கு ஒரு மந்திரச் சீட்டை இரகசியமாக வாங்கி வைத்திருக்கிறார். இதுவும் ஒரு வாய்பாடுதான். வெளியே கல், உள்ளே கற்கண்டு. அப்பாக்களைப் பற்றிய கதைகளில் மிக அதிகமாக விலைபோவது இதுதான்.

என்னை உறுத்தியது வேறு. இந்தக் கதை முதலில் இப்படி இல்லை.

*

பதினாறாம் நூற்றாண்டு, மிங் அரசர்கள் காலத்தில் 'ஃபெங்ஷென் யான்யி' என்றொரு பெருங்கதை சீனாவில் எழுதப்பட்டது. தெய்வங்களுக்குப் பட்டம் சூட்டும் கதை. நேஜா கதையை இன்று நாம் அறியும் வடிவம் பெரும்பாலும் அதிலிருந்து வருவது.

அதில் நேஜா மூன்றரை ஆண்டு வயிற்றில் இருந்து ஒரு சதை உருண்டையாகப் பிறக்கிறான். அப்பா லீ ஜிங் முதலில் செய்கிற காரியம், வாளை எடுத்து அந்த உருண்டையை வெட்டுவது. உள்ளிருந்து பையன் குதித்து வருகிறான். ஏழு வயதில் கடலில் குளிக்கப் போய், கடல் அரசனின் மகன் ஆவ் பிங்கைக் கொன்று அவன் நரம்பை உருவிவிடுகிறான், அப்பாவுக்கு இடுப்பு வார் செய்து கொடுக்கலாம் என்று! புதிய படத்தில் உயிர் நண்பன், பழைய கதையில் உரித்தெடுத்த நரம்பு.

கடல் அரசர்கள் பெற்றோரைப் பிடித்துக்கொள்ள வருகிறார்கள். அப்போது நேஜா தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறான். சதையை அம்மாவுக்கும் எலும்பை அப்பாவுக்கும் திருப்பிக் கொடுக்கிறான். நான் உங்களிடம் வாங்கியது இவ்வளவுதான், இதோ, இனி கடன் இல்லை.

கதை அங்கே முடியவில்லை. அவன் அம்மாவின் கனவில் வந்து தனக்கொரு கோயில் கேட்கிறான். அம்மா கணவனுக்குத் தெரியாமல் மலையில் கோயில் கட்டுகிறாள். ஊர் சனம் வந்து கும்பிடுகிறது. லீ ஜிங்குக்குத் தெரிந்துவிடுகிறது. சாட்டையை எடுத்துக்கொண்டு போய் மகனுடைய சிலையை அடித்து நொறுக்கி, கோயிலைக் கொளுத்துகிறார். செத்தும் விடவில்லை. குரு தாய்யி தாமரையை வைத்து நேஜாவுக்குப் புது உடம்பு செய்து தருகிறார். அந்த உடம்பில் அப்பாவின் எலும்பும் இல்லை, அம்மாவின் சதையும் இல்லை. எழுந்தவுடன் நேஜா ஈட்டியைத் தூக்கிக்கொண்டு, காலில் நெருப்புச் சக்கரத்தோடு, அப்பாவைக் கொல்ல விரட்டுகிறான்.

பதினைந்து வயதில் பள்ளி நூலகத்தில் ஒரு மலாய்மொழிச் சித்திரப் புத்தகத்தில் இதைப் படித்தேன். கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன புத்தகம். நேஜா விரட்டிக்கொண்டு ஓடுவதோடு அது முடிந்திருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

*

அப்பா கொள்கலன் லோரி ஓட்டினார். துறைமுகத்திலிருந்து ஜொகூர் வரை போவார். வீட்டுக்கு வந்தால் சம்சு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ரோத்தான் தொங்கும். எதற்கு அடி விழும் என்று ஒரு கணக்கு இருந்தால் அதற்கேற்ப நடந்திருக்கலாம். கணக்கு இல்லை.

நான் படம் வரைவேன். அடுக்கடுக்காக நோட்டுப் புத்தகங்களில் சித்திரக் கதைகள். பத்தொன்பது வயதில் ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்து பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் அவை எரிந்துகொண்டிருந்தன. அப்பா பக்கத்தில் நின்று குச்சியால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சட்டை, ஒரு காற்சட்டை. பேருந்து ஏறிப் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். அதன்பிறகு பத்து ஆண்டுகள் அப்பாவோடு பேசவில்லை. அம்மா இறந்தபோது வந்தேன், கொள்ளிச்சட்டியைத் தூக்கினேன், போய்விட்டேன்.

அம்மாவின் பொருள்களை ஒதுங்க வைக்கும்போது அக்கா ஒன்றைக் கண்டெடுத்துக் கொடுத்தாள். அரிசி டின்னுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த என் நோட்டுப் புத்தகம். ஒன்றே ஒன்று. எரிவதற்கு முன் எடுத்தாளா, எரியும்போது எடுத்தாளா தெரியவில்லை. கணவனுக்குத் தெரியாமல் மலையில் கோயில் கட்டிய அந்த அம்மாவை நான் பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

*

கிழிந்துபோன பக்கங்களில் என்ன இருந்தது என்பது ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. லீ ஜிங் ஓடுகிறார், ஓடிக் களைத்துத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ளத் துணிகிறார். அப்போது ஒரு துறவி வந்து அவருக்குச் சின்னக் கோபுரம் ஒன்றைத் தருகிறார். அதை வீசினால் நேஜா அதற்குள் அடைபடுவான், உள்ளே நெருப்பு எரியும். 'அப்பா' என்று அழைத்தால்தான் வெளியே விடுவார்கள். நேஜா அழைக்கிறான். வேறு வழியில்லை.

சீனக் கோயில்களில் லீ ஜிங் சிலையைப் பார்த்தால் உள்ளங்கையில் ஒரு கோபுரம் இருக்கும். நான் அதை ஏதோ வரம் தரும் கோயில் என்று நினைத்திருந்தேன். மகனை அடைக்கிற கூடு அது. அவர் அதை ஒருநாளும் கீழே வைப்பதில்லை.

'அப்பா என்று சொல்' என்று நெருப்பு மூட்டியவர்கள் எனக்கும் இருந்தார்கள். பெரியப்பா, அத்தை, தாமான் கோயில் தலைவர். "என்ன இருந்தாலும் பெத்த அப்பாடா, போய் ஒரு வார்த்த பேசு." பேசியிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் எதுவும் மாறியிருக்காது.

இந்த விரட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பிறகு வந்த படைப்பாளிகளுக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். 1979இல் ஷாங்காய் அசைவூட்டத் திரைப்பட நிறுவனம் எடுத்த நேஜா படத்தில், கொட்டும் மழையில் பையன் தன் கழுத்தை அறுத்துக்கொள்வான். இன்றைக்குக் குழந்தைகள் படத்தில் அப்படியொரு காட்சி வைக்க யாரும் துணியமாட்டார்கள். ஆனால் தாமரையில் உயிர்த்தெழுந்தபின் அவன் போய்ப் பழிதீர்ப்பது கடல் அரசர்களைத்தான். அப்பாவை விரட்டும் பகுதியே இல்லை. நாற்பது வருடம் கழித்து ஜியாவ்சி அப்பாவையே மாற்றிவிட்டார். நாவலில் விரட்டினார்கள், 1979இல் வெட்டிவிட்டார்கள், 2019இல் மன்னிப்பே தேவைப்படாத அப்பாவைச் செய்துவிட்டார்கள்.

ஜியாவ்சி மருந்தியல் படித்தவர். அதை விட்டுவிட்டு அசைவூட்டம் செய்கிறேன் என்று மூன்று ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து, தன் முதல் குறும்படத்தைத் தனியாளாகச் செய்து முடித்தார். அதுவரை அம்மாவின் ஓய்வூதியத்தில்தான் சாப்பாடு. அப்படி ஒரு வீட்டில் இருந்தவருக்கு வாளோடு வருகிற அப்பா எதற்கு? அவர் தனக்குக் கிடைத்ததை எழுதினார். உலகத்தில் அதிக வசூல் செய்த அசைவூட்டப் படம் இன்றைக்கு அவருடைய இரண்டாம் படம்தான், 200 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது. இத்தனை பேர் அந்த அப்பாவையும் அம்மாவையும் பார்க்க வரிசையில் நின்றார்கள் என்றால், அவர்களில் பாதிப் பேருக்காவது அது வீட்டில் கிடைக்காத பொருளாக இருந்திருக்கும்.

*

நேஜா அந்நியன் இல்லை என்பதை மெய்ர் ஷஹர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் வழியாக அறிந்தேன். 2015இல் அவர் நேஜாவைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். நேஜா என்ற பெயர் நளகூபரன் என்ற வடமொழிப் பெயர் பௌத்த நூல்கள் வழியாகச் சீனத்துக்குப் போய்ச் சுருங்கியது. நளகூபரன் குபேரனின் மகன். உரலில் கட்டுண்ட கண்ணன் இரண்டு மருத மரங்களுக்கிடையே இழுத்துப்போய்ச் சாய்த்தானே, அதில் ஒரு மரம் இந்த நளகூபரன்தான். குபேரன் சீன பௌத்தத்தில் கையில் தூபி ஏந்திய காவல் தெய்வமானான், பிறகு தாங் காலத்துத் தளபதி லீ ஜிங்கோடு கலந்துபோனான். தூபிதான் அந்தக் கோபுரம்.

சதை அம்மாவுடையது, எலும்பு அப்பாவுடையது என்ற கணக்கும் நம்மிடம் உண்டு. சிவனை மட்டும் சுற்றி வந்து வணங்கிய பிருங்கி முனிவரிடம் பார்வதி கோபப்பட்டு, தன் பங்கான சதையையும் இரத்தத்தையும் எடுத்துக்கொள்கிறாள். எலும்புக்கூடாக நிற்க முடியாமல் தடுமாறியவருக்குச் சிவன் மூன்றாவது காலைக் கொடுத்தார். சிவன் கோயில்களில் மூன்று காலோடு நிற்கும் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சீனக் கோயில் இருந்தது. நேஜாவை அங்கே மூன்றாம் இளவரசர் என்பார்கள். திருவிழாவில் ஐம்பது வயது ஆள் ஒருவருக்குச் சாமி வரும். வந்ததும் அவர் கழுத்தில் சிவப்பு மார்புத்துணி கட்டிக்கொண்டு, வாயில் குழந்தைகள் சப்பும் ரப்பரை வைத்துக்கொண்டு, குதித்துக் குதித்து ஓடுவார். எங்களுக்கெல்லாம் மிட்டாய் வீசுவார். வழுக்கைத் தலை, தொந்தி, வாயில் ரப்பர். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சீனர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அந்த ஆளை நினைக்கும்போது இப்போது சிரிப்பு வருவதில்லை. நேஜா ஏன் எப்போதும் குழந்தையாகவே இருக்கிறான்? எலும்பையும் சதையையும் திருப்பிக் கொடுத்துவிட்டான், அதனால் வளர்வதற்கு ஒன்றும் இல்லை. தாமரைக்கு வயதாவதில்லை. அப்பாவோடு பேசாத பத்து ஆண்டுகளில் நானும் வேலையில் உயர்ந்தேன், கார் வாங்கினேன், காதலித்தேன், அது முறிந்தது. ஆனால் தொலைபேசியில் அக்கா "அப்பா" என்று ஆரம்பித்தாலே எனக்குப் பத்தொன்பது வயதாகிவிடும். சாக்கடையோரம் நின்றுகொண்டிருப்பேன்.

பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன முருகனும் பழனியில் ஆண்டிக் கோலத்தில் பாலகனாகவேதான் நிற்கிறான். அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. அப்பாவும் அம்மாவும் அவனைத் தேடி மலைக்கு வருகிறார்கள். சாட்டையோடு வரவில்லை. சமாதானம் சொல்கிறார்கள். அவன் கேட்டுக்கொள்கிறான், ஆனால் வீடு திரும்பவில்லை. மலை அவனுடையது. கதைகளில் எனக்குக் கிடைத்த மூன்றாவது வழி அது ஒன்றுதான்.

*

இனிப்பு நீரால் அப்பாவின் இடது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். அக்காவுக்குச் சனிக்கிழமையும் வேலை. "நீ வந்து ரெண்டு மணி நேரம் பாத்துக்கிட்டா போதும்" என்றாள். போக ஆரம்பித்தேன். தாதி சொல்லிக்கொடுத்தபடி உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றுவேன். தேவைக்கு மேல் பேச்சில்லை.

படம் பார்த்துவந்த சில வாரங்களில் ஒரு சனிக்கிழமை பொடியன் தொலைக்காட்சியில் முதல் படத்தைப் போட்டான். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லீ ஜிங் அந்த மந்திரச் சீட்டை வாங்கும் இடம் வந்தது. பொடியன் விளக்கினான்.

"படத்துல அப்பனுங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கானுங்க" என்றார் அப்பா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"இல்ல தாத்தா, பழைய கதையில இவரு கெட்டவரு. மாமா சொன்னாங்க."

"என்னா செஞ்சான்?"

"மகனோட கோயில ஒடச்சி நெருப்பு வச்சிட்டாரு."

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. நான் கத்தரிக்கோலைத் தேடுவதுபோல மருந்துப் பெட்டியைக் கிளறினேன்.

"பயந்திருப்பான்" என்றார் அப்பா.

"எதுக்கு?" என்று கேட்டான் பொடியன்.

அப்பா பதில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது மன்னிப்பு கேட்டதா, இல்லை வெறும் கதைக்குச் சொன்ன பதிலா என்பது எனக்குத் தெரியாது. மன்னிப்பு என்றால் நோட்டுப் புத்தகங்களின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். மருமகனுக்கும் இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இல்லை, தாத்தா எனக்காகச் செத்துப்போக மாட்டார். நானும் அவருக்காகச் செத்துப்போக மாட்டேன். சனிக்கிழமை வருவேன்.

நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து அவருடைய காலை எடுத்து என் முட்டியில் வைத்துக்கொண்டேன். பெருவிரல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது விரல் நீளமாக, கொஞ்சம் வளைந்து இருந்தது. என் காலிலும் அப்படித்தான். முதல்முறையாகக் கவனித்தேன்.

"எரியுதா?"

"இல்ல. நீ கழுவு."